போட்ஸ்வானாவில் வேலை கிடைத்திருக்கிறது; வைரம் இருக்கிற நாட்டில் சண்டை இருக்காதா?

அக்கா மகனுக்கு போட்ஸ்வானா தலைநகரில் கணக்காளர் வேலை வந்திருக்கிறது, ஆப்பிரிக்கா, அதுவும் வைரச் சுரங்கம் இருக்கிற இடம், துப்பாக்கி, ராணுவ ஆட்சி என்று ஏதாவது இருக்குமோ என்று வீட்டில் பயப்படுகிறார்கள், நாடு எப்படி, ஆட்கள் எப்படி, அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 2009-லிருந்து 2016 கடைசி வரை அந்தத் தலைநகர் காபரோனேவில் ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில் கணக்குப் பார்த்தவன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1966-ல் சுதந்திரம் வாங்கியதிலிருந்து அங்கே ஒரு ராணுவப் புரட்சிகூட நடந்ததில்லை, உள்நாட்டுப் போர் இல்லை, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வருகிற தேர்தல் தவறியதில்லை. இன்று அங்கே இருக்கிறவர்களின் கவலை நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிரானது: வைரம் விற்க மாட்டேன் என்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் பையனுடைய வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

வரைபடத்தில் பார்த்தால் தென்னாப்பிரிக்காவுக்கு நேர் மேலே இருக்கும். மேற்கிலும் வடக்கிலும் நமீபியா, கிழக்கே ஜிம்பாப்வே, கடல் எந்தப் பக்கமும் கிடையாது. வடக்கு மூலையில் ஜாம்பியாவோடும் ஒரு எல்லை உண்டு, மொத்தமே 150 மீட்டர்தான் இருக்கும். அந்த இடத்தில் சாம்பெசி ஆற்றின் மேல் 2021-ல் கசுங்குலா பாலத்தைத் திறந்தார்கள். 923 மீட்டர் நீளம்; ஜிம்பாப்வே எல்லைக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகவே வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் லாரிகள் மிதவைப் படகுக்காக நாள்கணக்கில் வரிசையில் நிற்கும், எங்கள் கம்பெனிச் சரக்கும் அதில் காய்ந்திருக்கிறது.

பரப்பு சுமார் 5,82,000 சதுர கிலோமீட்டர், பிரான்ஸைவிடக் கொஞ்சம் பெரியது. மக்கள் எத்தனை தெரியுமா? 2022 கணக்கெடுப்பில் 23.6 லட்சம். சதுர கிலோமீட்டருக்கு நான்கு பேர் என்று கணக்கு வரும், ஆனால் அந்தக் கணக்கே ஏமாற்று, ஏனென்றால் பாதிக்கு மேற்பட்டவர்கள் கிழக்கு ஓரத்தில் தெற்கிலிருந்து வடக்கே போகிற ரயில் பாதையை ஒட்டித்தான் இருக்கிறார்கள்: லொபாட்சே, காபரோனே, மஹலாப்யே, பலாப்யே, ஃபிரான்சிஸ்டவுன். மீதி நாட்டில் 200 கிலோமீட்டர் கார் ஓட்டினால் ஒரு பெட்ரோல் பங்க் வரும், அதிலும் சில நாள் பெட்ரோல் இருக்காது. நாட்டில் எழுபது சதவீதம் கலஹாரி. பாலைவனம் என்றதும் மணல்மேடாக நினைக்க வேண்டாம். அடியில் மணல்தான், மேலே முள்மரமும் காய்ந்த புல்லும் கண்ணுக்கெட்டிய தூரம் போகும். தண்ணீர்தான் இல்லை.

தண்ணீர் இருக்கிற ஒரே பெரிய இடம் வடமேற்கில் இருக்கிற ஒகவாங்கோ. அங்கோலா மேட்டுநிலத்தில் பெய்கிற மழை ஆறாகி, நமீபியாவின் ஒரு துண்டைத் தாண்டி, மொஹெம்போ என்ற ஊரில் போட்ஸ்வானாவுக்குள் நுழைகிறது. ஆறு என்றால் கடலைத் தேடிப் போகும், இது மணலைத் தேடிப் போகிறது. விசிறி மாதிரி விரிந்து நாணல், ஓடை, தீவு என்று பிரிந்து, வெயிலில் ஆவியாகியும் மண்ணில் இறங்கியும் அங்கேயே முடிந்துவிடுகிறது. இதில் வேடிக்கை, அங்கோலாவில் பெய்த மழை மெள்ள நகர்ந்து மவுன் ஊர்ப்பக்கம் வந்து சேர ஜூன், ஜூலை ஆகிவிடும். அது அங்கே குளிர்காலம், ஒரு சொட்டு மழை கிடையாது. வானம் காய்ந்து கிடக்கிறபோது தரையில் வெள்ளம் வருகிறது. சுற்றுவட்டாரத்து மிருகமெல்லாம் அங்கே கூடுவதற்கு அதுதான் காரணம். 2014-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஆயிரமாவது இடமாக இதைச் சேர்த்தார்கள்.

யானை மட்டும் ஒரு லட்சத்து முப்பதாயிரம் வாக்கில் இருக்கிறது, உலகத்தில் எந்த ஒரு நாட்டிலும் இவ்வளவு கிடையாது. சுற்றுலாப் பயணிக்கு அது அழகு, வடக்கே சோபே பக்கம் ஒரு ஏக்கர் சோளம் விதைத்தவனுக்கு ஒரே ராத்திரியில் எல்லாம் போச்சு. 2014-ல் வேட்டையைத் தடை செய்தார்கள், 2019-ல் தடையை எடுத்தார்கள், வெளிநாட்டிலிருந்து கண்டனம் வந்தது. 2024-ல் ஜெர்மனி வேட்டையாடிய மிருகங்களின் தலை, தந்தம் போன்ற நினைவுப் பொருள்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப் பார்த்தபோது அப்போதைய ஜனாதிபதி மசிசி, அப்படியானால் உங்களுக்கு 20,000 யானை அனுப்புகிறேன், கூடவே வாழ்ந்து பாருங்கள் என்றார். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் உள்ளூரில் யாரும் சிரிக்கவில்லை. நமக்கும் இதில் ஒரு சின்னத் தொடர்பு உண்டு: 2025 நவம்பரில் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அங்கே போனபோது இந்தியாவுக்கென்று எட்டு சிவிங்கிப்புலிகளை ஒப்படைத்தார்கள்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் இந்த நாட்டைப் புரியவைக்க முடியாது. அவர்கள் பணத்தின் பெயர் புலா. செட்ஸ்வானா மொழியில் புலா என்றால் மழை. 1976-ல் தென்னாப்பிரிக்க ராண்டை விட்டுவிட்டுச் சொந்த நாணயம் அச்சடித்தபோது அந்தப் பெயரை வைத்தார்கள். சில்லறைக்குப் பெயர் தெபே, கேடயம் என்று அர்த்தம். அரசு முத்திரையிலும் புலா என்றுதான் எழுதியிருக்கும். அரசியல் கூட்டத்தில் பேச்சை முடிக்கும்போது ‘புலா!’ என்று கத்துவார்கள், கூட்டமும் திருப்பிக் கத்தும். அக்டோபரில் வெயில் 40 டிகிரியைத் தொடும், ஆபீஸில் ஆளாளுக்கு எரிந்து விழுவோம். ஒரு வருடம் நவம்பரில் முதல் மழை இறங்கிய மத்தியானம், எங்கள் கிடங்கில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள், ரசீது போடுகிற பெண், மேனேஜர் எல்லாருமே வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளித் திண்ணையில் போய் நின்றார்கள். யாரும் பேசவில்லை. மண் வாசனை ஏறியபோது மேனேஜர் மட்டும் மெதுவாக ‘புலா’ என்றார். கவுண்டரில் நின்ற வாடிக்கையாளரும் திட்டவில்லை, அவரும் எங்களோடு நின்றுகொண்டிருந்தார்.

மக்களைப் பற்றி. போட்ஸ்வானா என்பது நாடு, மொட்ஸ்வானா என்றால் அந்த நாட்டுக்காரர் ஒருவர், பலர் என்றால் பட்ஸ்வானா, மொழி செட்ஸ்வானா. முன்னொட்டை மாற்றினால் பொருள் மாறும், நாம் பின்னொட்டில் செய்வதை அவர்கள் முன்னால் செய்கிறார்கள், அவ்வளவுதான். ஊர்ப் பெயரில் வருகிற ‘க’வை ‘ஹ’ மாதிரி தொண்டையிலிருந்து சொல்வார்கள், ஆக தலைநகர் அவர்கள் வாயில் ஹாபொரோனே. ஆங்கிலம் அலுவல் மொழி என்பதால் பையன் சமாளித்துவிடுவான்.

ஆனால் ஒன்று கற்றுக்கொண்டே ஆக வேண்டும். நான் போன முதல் வாரம் ஒரு சின்னக் கடையில் நுழைந்து, சர்க்கரை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கடையில் இருந்த அம்மா என்னையே பார்த்தார். காது கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். அவர் நிதானமாக ‘டுமேலா, ர்ரா’ என்றார், சொல்லிவிட்டுக் காத்திருந்தார். வணக்கம் ஐயா என்று அர்த்தம். நான் திருப்பி ‘டுமேலா, ம்மா’ என்று சொல்லி, நலமா என்று விசாரித்து, அவரும் விசாரித்த பிறகுதான் சர்க்கரை வந்தது. வங்கி, போலீஸ், ஆஸ்பத்திரி எங்கே போனாலும் இதுதான் முறை. வணக்கம் சொல்லாமல் விஷயத்துக்கு வருகிறவனை வளர்ப்பு சரியில்லாதவன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். எதையும் கொடுக்கும்போது வலது கையால், இடது கையை வலது முன்கையில் தொட்டுக்கொண்டு கொடுப்பார்கள். அது நமக்குச் சுலபமாக வந்துவிடும்.

இன்னொன்று, அங்கே ஒருவரிடம் உங்கள் வீடு எங்கே என்று கேட்டால் மூன்று பதில் வரும். ஊரில் ஒரு வீடு, ஊருக்கு வெளியே விதைக்கிற நிலத்தில் ஒரு குடிசை, அதற்கும் தாண்டி எங்கோ புதருக்குள் மாட்டுப்பட்டி. இந்தப் பட்டிக்கு மொராகா என்று பெயர். அரசாங்கச் செயலாளராக இருந்தாலும், வங்கி அதிகாரியாக இருந்தாலும் மொராகா இருக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காபரோனே காலியாகும் பாருங்கள், பிக்கப் வண்டிகள் பின்னால் தண்ணீர் டிரம், தீவன மூட்டை, முள்கம்பிச் சுருளோடு வரிசையாகக் கிளம்பும். திங்கட்கிழமை எந்த மாடு கன்று போட்டது என்பதுதான் பேச்சு. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குத் தருகிற போகாடியும் மாடுதான். மாடு இல்லாதவனுக்கு மாடு வைத்திருப்பவன் மேய்க்கக் கொடுத்து, பாலையும் சில சமயம் ஒரு கன்றையும் விட்டுக்கொடுக்கிற மஃபிசா என்ற பழைய ஏற்பாடும் உண்டு. சாப்பாட்டில் செஸ்வா என்று ஒன்று, மாட்டிறைச்சியை உப்பு மட்டும் போட்டு மணிக்கணக்கில் வேகவைத்து இடித்தது, துக்கம் சந்தோஷம் எதற்கும் அதுதான். சைவம் என்றால் சோளக்களியும் மொரோஹோ என்கிற கீரையும். பையன் சைவமா என்று நீங்கள் எழுதவில்லை.

எல்லாரும் ட்ஸ்வானா இனம் என்று நினைத்துவிட வேண்டாம். ஃபிரான்சிஸ்டவுன் பக்கம் கலாங்கா, ஒகவாங்கோவில் பாயெய், ஹம்புகுஷு, நீளப் பாவாடையும் கொம்பு மாதிரி தலைப்பாகையும் கட்டுகிற ஹெரேரோ பெண்கள் என்று பலர். அரசியலமைப்புச் சட்டத்தில் எட்டு ட்ஸ்வானா குலங்களை மட்டும் முதன்மையாக வைத்தது மற்றவர்களுக்கு நெடுநாள் வருத்தம். இவர்கள் எல்லாருக்கும் முன்னால் அந்த மண்ணில் இருந்தவர்கள் சான் மக்கள், உள்ளூரில் பசர்வா என்பார்கள். அவர்களை நடத்திய விதம்தான் இந்த நாட்டின் பெரிய கறை. மத்திய கலஹாரி வனவிலங்குக் காப்பகத்தில் இருந்தவர்களை 1997-லும் 2002-லும் வெளியேற்றிக் குடியிருப்புகளுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் வழக்குப் போட்டு 2006 டிசம்பரில் ஜெயித்தார்கள், ஆனாலும் காப்பகத்துக்குள் ஆழ்துளைக் கிணறு பயன்படுத்த விடவில்லை, அதற்கு இன்னொரு வழக்கு நடத்தி 2011-ல் மேல்முறையீட்டில் ஜெயிக்க வேண்டியிருந்தது. நீதிமன்றம் அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது பெருமைதான், குடிக்கிற தண்ணீருக்கு நீதிமன்றம் போக வைத்தது பெருமை இல்லை.

சரி, ஆட்சிக்கு வருவோம். வைரம் இருந்தும் ஏன் சண்டை வரவில்லை என்பதற்கு இங்கேதான் பதில் இருக்கிறது.

பிரிட்டிஷ்காரர்களுக்கு இந்த இடத்தின் மேல் பெரிய ஆசை கிடையாது. 1885-ல் பெச்சுவானாலாந்து என்று பெயர் வைத்துப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்ததே வடக்கே போகிற வழியை ஜெர்மானியரும் தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வம்சத்துப் போயர்களும் மறித்துவிடக் கூடாது என்பதற்காக. நிர்வாகத் தலைநகர்கூட நாட்டுக்குள் இல்லை, எல்லை தாண்டித் தென்னாப்பிரிக்காவின் மஃபெகிங்கில் இருந்தது! பத்து வருடம் கழித்து, பிரிட்டிஷ் சுரங்க முதலாளி செசில் ரோட்ஸின் கம்பெனிக்கு இந்த நிலத்தைக் கொடுத்துவிடலாம் என்ற பேச்சு வந்தபோது மூன்றாம் காமா, முதலாம் செபெலே, முதலாம் பத்தோயென் என்ற மூன்று குலத் தலைவர்கள் 1895-ல் கப்பலேறி லண்டன் போனார்கள். தேவாலயம் தேவாலயமாகப் போய்ப் பேசினார்கள், விக்டோரியா ராணியையும் பார்த்தார்கள். ரயில் பாதைக்கு ஒரு துண்டு நிலம் விட்டுக்கொடுத்து மீதியைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அதே வருடக் கடைசியில் ரோட்ஸின் ஆள் ஜேம்சன் போயர்களின் டிரான்ஸ்வாலுக்குள் படையோடு நுழைந்து அசிங்கப்பட்டதும் இவர்களுக்கு உதவியது. காபரோனேவில் மூன்று பேருக்கும் பெரிய வெண்கலச் சிலை இருக்கிறது. வடகொரியக் கம்பெனி செய்த சிலை, அது ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்த மூன்றாம் காமாவின் பேரன் செரெட்சே காமா. லண்டனில் சட்டம் படிக்கப் போனவர் 1948-ல் ரூத் வில்லியம்ஸ் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பக்கத்துத் தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி தொடங்கிய வருடம் அது. அவருக்காகக் குலத் தலைவர் பொறுப்பில் இருந்த சித்தப்பா ட்ஷெகேடி கடுமையாக எதிர்த்தார். விவகாரம் செரோவே ஊரின் கொட்லாவுக்குப் போனது. கொட்லா என்றால் தலைவர் வீட்டுக்கு அருகே மரக்கம்பங்களை அரைவட்டமாக நட்ட திறந்தவெளி, ஊர்க்கூட்டம் நடக்கிற இடம். தலைவர் உட்கார்ந்து கேட்பார், ஒருவர் பின் ஒருவராக யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், தலைவர் கடைசியில்தான் வாய் திறப்பார். கொட்லாவில் பேசிய பேச்சு எல்லாமே நல்ல பேச்சு என்று ஒரு பழமொழி உண்டு, அதாவது அங்கே சொன்னதற்காக ஒருவனைப் பழிவாங்கக் கூடாது. ஆரம்பத்தில் பெரும்பாலோர் கல்யாணத்துக்கு எதிராகத்தான் இருந்தார்கள். மாதக்கணக்கில் கூடிக் கூடிப் பேசி, 1949 ஜூனில் செரெட்சே தன்னையும் மனைவியையும் ஏற்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்று கேட்டபோது ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்தார்கள். ஊர் ஏற்றுக்கொண்டதை பிரிட்டன் ஏற்கவில்லை. தென்னாப்பிரிக்காவைப் பகைத்துக்கொள்ள மனமில்லாமல் அவரை நாடுகடத்தியது, தலைமைப் பதவியை உதறிய பிறகு 1956-ல்தான் ஊர் திரும்ப விட்டது.

1966 செப்டம்பர் 30 அன்று அவர்தான் முதல் ஜனாதிபதி. அப்போது நாட்டில் தார் ரோடு 12 கிலோமீட்டர் என்பார்கள். வருடக்கணக்காக வறட்சி, செத்த மாடு எலும்பாகக் கிடந்தது, பட்ஜெட் பிரிட்டிஷ் உதவியில் ஓடியது. காபரோனேவையே 20,000 பேருக்கு என்று திட்டம் போட்டு அவசரமாகக் கட்டினார்கள், இப்போது இரண்டரை லட்சம் பேர் நெருக்கிக்கொண்டு இருக்கிறார்கள்.

சுதந்திரம் வந்த மறுவருடம் ஒராபாவில் வைரம் கிடைத்தது. கலஹாரி மணல் ஆழமாக மூடியிருப்பதால் அடியில் என்ன இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது, ஆகவே தேடுகிறவர்கள் கறையான் புற்று மண்ணைச் சலித்துப் பார்ப்பார்கள். ஈரம் தேடி ஆழத்துக்குப் போகிற கறையான் வைரத்தோடு சேர்ந்திருக்கிற கனிமத் துகளை மேலே கொண்டுவந்து போட்டிருக்கும். இதில் எனக்கு முக்கியமாகப் படுவது கறையான் இல்லை. அதே 1967-ல் நிலத்துக்கு அடியில் இருக்கிற கனிமம் எல்லாம் குலத்துக்குச் சொந்தமில்லை, அரசுக்குச் சொந்தம் என்று சட்டம் போட்டார்கள். ஒராபா இருக்கிற நிலம் யாருடையது? செரெட்சேயின் சொந்த பங்வாட்டோ மக்களுடையது. எங்கள் மண், எங்கள் வைரம் என்று அவர் உட்கார்ந்திருந்தால் மற்ற ஏழு குலமும் சும்மா இருந்திருக்காது. பங்கு போடச் சொத்து பெரிதாவதற்கு முன்பே பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் 1982-ல் திறந்த ஜ்வாநெங், மதிப்புக் கணக்கில் உலகத்திலேயே பெரிய வைரச் சுரங்கம், வேறொரு குலத்தின் நிலத்தில் இருக்கிறது. யாரும் வாய் திறக்கவில்லை.

இரண்டாவது சாமர்த்தியம், டீ பியர்ஸ் என்ற பெரிய வைரக் கம்பெனியோடு பேரம் பேசியது. 1969-ல் சுரங்கக் கம்பெனியில் அரசுக்கு 15 சதவீதம். சுரங்கம் எவ்வளவு பெரிது என்று தெரிந்ததும் மறுபடி உட்கார்ந்து பேசி 1975-ல் பாதிக்குப் பாதி ஆக்கினார்கள். அதுதான் டெப்ஸ்வானா. வரி, உரிமைத்தொகை எல்லாம் சேர்த்தால் லாபத்தில் எண்பது சதவீதம் வரை அரசுக்கு வரும். டீ பியர்ஸிலேயே அரசுக்கு 15 சதவீதம் பங்கும் இருக்கிறது. 2013-ல் கச்சா வைர விற்பனையை லண்டனிலிருந்து காபரோனேவுக்கே கொண்டுவரவைத்தார்கள். வாங்க வருகிறவர்களில் சூரத், மும்பைக்காரர்கள் நிறைய, காபரோனேவில் பட்டை தீட்டுகிற பட்டறை வைத்திருப்பவர்களிலும் குஜராத்திகள் உண்டு. வந்த பணத்தை ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று போட்டார்கள், 1994-லிருந்து ஒரு பகுதியைப் புலா நிதி என்று வெளிநாட்டு முதலீட்டில் சேர்த்தும் வைத்தார்கள். திருட்டே இல்லை என்று சொல்ல மாட்டேன், டெண்டர் விவகாரங்கள் பத்திரிகையில் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் ஆள்கிறவர்கள் எல்லாரும் மாடு வைத்திருந்தவர்கள். ரோடு, கால்நடை மருத்துவர், லொபாட்சேயில் இறைச்சி ஆலை, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி என்பதெல்லாம் அவர்களுக்கும் லாபம், ஊருக்கும் லாபம். இதைப் பெரிய தியாகமாக எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

அந்தப் பணம் இருந்ததால் ஒரு பெரிய ஆபத்திலிருந்தும் தப்பித்தார்கள். 2000 வாக்கில் வயதுவந்தவர்களில் நாலில் ஒருவருக்கு எச்ஐவி, சராசரி ஆயுள் ஐம்பதுக்குக் கீழே இறங்கிவிட்டது. 2002-ல் மசா, அதாவது விடியல், என்ற பெயரில் ஆப்பிரிக்காவிலேயே முதலில் எல்லாருக்கும் இலவச மருந்து கொடுக்க ஆரம்பித்தது போட்ஸ்வானா. தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதைக் குறைத்ததற்காக 2021-ல் உலக சுகாதார அமைப்பின் அங்கீகாரமும் கிடைத்தது. நான் அங்கே இருந்த வருடங்களில்கூடச் சனிக்கிழமை விடியற்காலை என்றால் எங்காவது இறுதிச்சடங்கு இருக்கும், வெள்ளிக்கிழமை விடுப்புக் கடிதங்களில் பாதி அதற்காகத்தான் வரும்.

ஆட்சி முறை நம்முடையதுபோல நாடாளுமன்ற வழி, ஆனால் பிரதமர் கிடையாது. மக்கள் எம்.பி.க்களைத் தேர்ந்தெடுப்பார்கள், பெரும்பான்மைக் கட்சியின் தலைவர் ஜனாதிபதி ஆவார், இரண்டு தவணைக்கு மேல் இருக்க முடியாது. குலத் தலைவர்களுக்கு இன்ட்லோ யா டிகோசி என்று தனி அவை உண்டு, ஆலோசனைதான் சொல்லலாம். பெண்களைக் கொட்லாவில் சேர்க்காத காலம் நீண்டது. 2003-ல்தான் பலேடே குலத்துக்கு மொசாடி செபோகோ முதல் பெண் தலைவராக முடிசூடினார். மொசாடி என்றால் செட்ஸ்வானாவில் பெண் என்றே அர்த்தம். செரெட்சேக்குப் பிறகு மசிரே, மொகாயே, செரெட்சேயின் மகன் இயன் காமா, மசிசி என்று எல்லாம் ஒரே கட்சி, 58 வருடம். ஜனாதிபதி தவணை முடிகிற சமயம் தேர்தலுக்கு முன்பே விலகித் துணை ஜனாதிபதியிடம் ஒப்படைப்பார், அவர் பதவியில் இருந்துகொண்டே தேர்தலைச் சந்திப்பார். சொகுசான ஏற்பாடு. அப்படி மசிசியை உட்காரவைத்த இயன் காமாவே பிறகு அவரோடு சண்டை போட்டுக் கட்சியை விட்டுப் போய், 2021-லிருந்து சில வருடம் தென்னாப்பிரிக்காவில் இருந்தார்.

2024 அக்டோபர் 30 தேர்தலில் அந்தக் கட்சிக்கு 61-ல் 4 இடம். நாலே நாலு! டுமா போகோ தலைமையிலான கூட்டணிக்கு 36. போகோ மனித உரிமை வழக்கறிஞர், சான் மக்களுக்காக வழக்காடியவர். முழு முடிவு வரும் முன்பே மசிசி போனில் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டார், நவம்பர் 1-ம் தேதி போகோ பதவியேற்றார். அங்கே இருக்கிற என் பழைய சகா ஒருவரிடம், ஊரில் கலவரம் ஏதாவது உண்டா என்று கேட்டேன். மாட்டுப்பட்டிக்குப் போயிருந்தேன், ரேடியோவில் கேட்டேன் என்றார்.

அந்த மாற்றத்துக்குக் காரணம் வைரம்தான். ஏற்றுமதியில் எண்பது சதவீதம், அரசு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அதிலிருந்துதான். ஆய்வுக்கூடத்தில் வளர்க்கிற வைரம் வந்து விலையை அடித்துவிட்டது. கச்சாக் கல்லைப் பட்டை தீட்டுகிற அதே சூரத்தில்தான் அந்த வைரமும் தயாராகிறது. டெப்ஸ்வானா 2023-ல் தோண்டியது சுமார் இரண்டரைக் கோடி காரட், 2024-ல் ஒரு கோடியே எண்பது லட்சம் அளவுக்குக் குறைத்துவிட்டது. பொருளாதாரமே அந்த வருடம் 3 சதவீதம் சுருங்கியது. வேலையில்லாதவர்கள் நாலில் ஒருவருக்கு மேல், இளைஞர்களில் இன்னும் அதிகம். 2025 ஆகஸ்டில் அரசு ஆஸ்பத்திரிகளில் மருந்து தீர்ந்து, போகோ பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார். இலவச மருந்துக்குப் பெயர் வாங்கிய நாட்டில் இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வேறு தொழில் முயற்சி இல்லாமல் இல்லை. செம்பு இருக்கிறது, சோடா சாம்பல் இருக்கிறது, மொருபுலேயில் நிலக்கரி, மாட்டிறைச்சி, குறைந்த ஆள் நிறையப் பணம் என்கிற சுற்றுலா. தென்னாப்பிரிக்காவோடு சேர்ந்த சுங்க ஒன்றியத்திலிருந்து பங்குப் பணமும் வருகிறது. ஆனால் கடையில் இருக்கிற சோப்பிலிருந்து சோளமாவு வரை பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவிலிருந்துதான் வரும், எங்கள் கம்பெனி பிழைப்பே அதுதான். நான் இருந்த கடைசி வருடம் செலெபி-பிக்வேயில் செம்பு நிக்கல் சுரங்கத்தை மூடினார்கள், ஊரே ஒரு சுரங்கத்தை நம்பியிருந்தது, எங்களுக்கு அங்கிருந்து வர வேண்டிய பாக்கி அப்படியே நின்றது.

ஆகவே உங்கள் பையன் கேட்க வேண்டிய கேள்வி: கம்பெனியின் வாடிக்கையாளர் யார்? அரசு டெண்டரையும் வைரத் தொழிலையும் நம்பியிருக்கிற இடம் என்றால் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்று அங்கே வேலை செய்கிற யாரிடமாவது விசாரிக்கட்டும். வேலை அனுமதி எத்தனை வருடத்துக்கு, புதுப்பிக்கிற பொறுப்பு யாருடையது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். உள்ளூர்க்காரருக்கு முன்னுரிமை என்பது அங்கே கறாராக இருக்கும், இத்தனை பேர் வேலையில்லாமல் இருக்கும்போது அது நியாயமும்கூட. ஒரு புலா ஏறத்தாழ ஆறு ரூபாய். அந்நியச் செலாவணிக் கட்டுப்பாட்டை 1999-லேயே எடுத்துவிட்டதால் வீட்டுக்குப் பணம் அனுப்புவதில் சிரமம் இருக்காது. இந்தியக் கடை, கோயில், மசூதி, தமிழ் பேசுகிற ஆசிரியர், கணக்காளர் குடும்பங்கள் எல்லாம் காபரோனேவில் உண்டு. நல்ல ஸ்வெட்டர் ஒன்று கொடுத்தனுப்புங்கள், ஜூலை ராத்திரி பூஜ்ஜியம் வரை இறங்கும். மழை பொய்த்தால் குழாயில் தண்ணீர் வராது. 2015-ல் காபரோனே அணை அடிமண் தெரிய வற்றி, வாரத்தில் சில நாள்தான் தண்ணீர் வந்தது, பக்கெட் வைத்துப் பழகினவர்கள் என்பதால் நாங்கள் மற்றவர்களைவிட நன்றாகச் சமாளித்தோம். சில்லறைத் திருட்டு உண்டு, ராத்திரி தனியாக போனைக் காட்டிக்கொண்டு நடக்க வேண்டாம்.

துப்பாக்கியைவிட நீங்கள் பயப்பட வேண்டியது மாட்டுக்குத்தான், விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பகலெல்லாம் புதருக்குள் இருக்கிற மாடும் கழுதையும் இருட்டினால் நெடுஞ்சாலைக்கு வந்து நிற்கும், விளக்கு கிடையாது, அதில் மோதிச் செத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர். கார் வாங்கினாலும் சூரியன் இறங்கிய பிறகு ஊர் விட்டு ஊர் ஓட்டக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.